டேக்வாண்டோ: பாணி இரண்டு, கவனிக்க வேண்டியது ஊன்றிய கால்

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் பிள்ளைகளை டேக்வாண்டோவில் சேர்க்கும்போது எந்தப் பாணி என்று கேட்பவர்கள் குறைவு. கேட்டே ஆக வேண்டும். ஒன்று ஒலிம்பிக் பாணி. 1972-இல் சியோலில் திறந்த டேக்வாண்டோ தலைமையகமான குக்கிவோன் முறையில் பெல்ட் தேர்வு, கலர் பெல்ட்டுக்குத் தேகுக் பூம்சே (வரிசைப்படி செய்யும் அசைவுத் தொகுப்பு) எட்டு. மற்றது 1966-இல் கொரிய ஜெனரல் சோய் ஹாங் ஹி தொடங்கிய ஐ.டி.எஃப் (சர்வதேச டேக்வாண்டோ கூட்டமைப்பு), அதில் அதே மாதிரி அசைவுத் தொகுப்புக்கு டுல் என்று பெயர், மொத்தம் 24.

வருடக்கணக்கில் பழகினால் வித்தியாசம் கையில்தான் முதலில் தெரியும். ஒலிம்பிக் பாணியில் முகத்தில் குத்தக் கூடாது. உடம்பில் குத்துக்கு 1 புள்ளி, உதைக்கு 2, தலையில் உதைத்தால் 3. சுழன்று உதைத்தால் உடம்பில் 4, தலையில் 5. அதனால் கை தானாகவே கீழே இறங்கிவிடும். ஐ.டி.எஃப்-இல் கிளவுஸ் போட்டு முகத்துக்கும் குத்தலாம், கை தாடையை விட்டு நகராது.

சென்சார் ஹோகுவிலேயே (அடியைக் கணக்கிடும் மார்புக் கவசம்) எப்போதும் பழகுகிறவர்களுக்கு இன்னொரு குறை வரும். முன்காலைத் தூக்கியபடியே தட்டித்தட்டிப் புள்ளி எடுப்பார்கள், பின்காலில் வலு ஏறாது. வாரம் இரண்டு நாள் கனமான கிக் பேடில் பின்காலால் டோல்யோ சாகி (பக்கவாட்டில் சுற்றி வரும் உதை), காலுக்குப் பத்து வீதம் மூன்று செட், இடையில் ஒரு நிமிடம் ஓய்வு. இது போதும்.

ஆனால் இரண்டு பாணியிலும் முழங்காலைக் கெடுப்பது ஊன்றிய கால்தான். டோல்யோ சாகியில் முழங்காலை மேலே தூக்கியதும் ஊன்றிய காலின் குதிகால் லேசாக எழும்பி, முன்பாதத்தில் சுழன்று, எதிராளியை நோக்கித் திரும்ப வேண்டும். இடுப்பு திரும்பி, பாதம் திரும்பாமல் நின்றால் முறுக்கு முழுவதும் ஊன்றிய முழங்காலில்தான் விழும். உள்பக்கம் வலி தொடங்கினால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

அடிமுறை, சிலம்பம் பழகிவிட்டு வரும் பிள்ளைகளிடம் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். மண் தரையில் பாதம் மண்ணை ஒதுக்கிக்கொண்டு எளிதாகத் திரும்பிவிடும். ரப்பர் மேட் வெறுங்காலைப் பிடித்துக்கொள்ளும். மேட் ரொம்ப மெத்தென்று இருந்தால் கால் புதையும். 25 மில்லிமீட்டர் கெட்டி மேட் இரண்டு பாணிக்கும் சரிவரும்.

நம்மூரில் ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. மொட்டை மாடியில் ஷீட் போட்ட வகுப்பென்றால் மேட் துண்டுகளை ஒன்றோடொன்று கோக்கும் பல் இடுக்குகளில் ஈரம் நிற்கும். மேலே துடைத்தால் மட்டும் போகாது. வாரம் ஒருமுறை கழற்றிச் சுவரில் சாய்த்து, அடிப்பக்கம் காய்ந்த பிறகே போட வேண்டும். வெயிலில் போட்டால் ஓரம் வளைந்து பல் சேராது.

பாதம் திரும்புகிறதா என்று பார்க்க ஒரு சாக்பீஸ் போதும். முன்பாதம் வைக்கும் இடத்தில் காசளவு தேய்த்துவிட்டு மெதுவாக ஐந்து உதை. வட்டமாகக் கலைந்திருந்தால் சரி. கலையாமலே இருந்தாலோ, பக்கத்தில் இன்னொரு தடம் விழுந்திருந்தாலோ, சுவரைப் பிடித்துக்கொண்டு இடுப்பு உயரத்துக்குக் கீழே மட்டும் உதைக்க வையுங்கள். தலை உயரமெல்லாம் பிறகு.