யூ.எச்.ஓ. தொடக்க நூல்: எஞ்சின் சோதனைக்கு எந்த அளவுக்கு உதவுகிறது?

ஹட்டனில் என் வீட்டு மேசையிலுள்ள பழைய மடிக்கணினியில் சதுரங்க எஞ்சின்களை, அதாவது சதுரங்கம் ஆடும் கணினி நிரல்களை, ஒன்றோடொன்று மோதவிட்டுத் தரப்படுத்துவது சில ஆண்டுகளாக என் பொழுதுபோக்கு. ஜனவரிக் குளிரில் இரவு முழுக்க ஓடும் கணினி அறையையும் சற்றுச் சூடாக்கிவிடுகிறது. நெடுநாளாக, இருபுறமும் எட்டு நகர்வுகள் ஆடப்பட்ட சமநிலைத் தொடக்கங்களின் கோப்பு ஒன்றையே பயன்படுத்தி வந்தேன். அண்மையில்தான், இலவசமாகக் கிடைக்கும் யூ.எச்.ஓ. எனப்படும் அன்பேலன்ஸ்ட் ஹியூமன் ஓப்பனிங்ஸ் தொகுப்புக்கு மாறினேன்.

எஞ்சின்கள் ஆட்டத்தைத் தொடங்க வேண்டிய நிலைகளைத் தரும் இத்தகைய கோப்பைத்தான் தொடக்க நூல் என்கிறோம். அது இல்லாமல் ஆடவிட்டால் எஞ்சின்கள் ஒரே சில வரிசைகளைத் திரும்பத் திரும்ப ஆடும். சமநிலைத் தொடக்கங்களைக் கொடுத்தாலோ, இன்றைய வலுவான எஞ்சின்களுக்கு இடையில் பெரும்பாலான ஆட்டங்கள் டிராவில் முடிகின்றன. நூறு ஆட்டங்களில் தொண்ணூறு டிரா, ஏழு வெற்றி, மூன்று தோல்வி என்றால் கிடைப்பது 52 சதவீதம், அதாவது ஆட்ட வலிமையைக் குறிக்கும் எலோ அளவில் ஏறத்தாழ 14 புள்ளி வேறுபாடு. அந்தக் கணக்கு முழுவதும் பத்தே ஆட்டங்களில் தொங்குகிறது. யூ.எச்.ஓ. இதற்கு நேர்மாறான வழியில் போகிறது. மனிதர்கள் ஆடிய ஆட்டங்களிலிருந்து, வெள்ளைக்குத் தெளிவான சாதகம் இருந்தும் வெற்றி இன்னும் உறுதியாகாத நிலைகளை இது தெரிந்தெடுக்கிறது. ஸ்டாக்ஃபிஷ் என்ற வலுவான எஞ்சினை உருவாக்கும் குழுவின் ஃபிஷ்டெஸ்ட் சோதனைத் தளமும் இவ்வகை நூல்களையே பயன்படுத்துகிறது.

ஒரே தொடக்கத்தை நிறம் மாற்றி இருமுறை ஆடும் ஒரு சோடி ஆட்டத்தை உட்கார்ந்து பார்த்தேன். கிங்ஸ் இந்தியன் என்ற தொடக்கத்தில் அமைந்த நிலை ஒன்றில் முதல் எஞ்சின் வெள்ளையாக ஆடி வென்றது. நிறம் மாறியதும் இரண்டாவது எஞ்சினால் அதே சாதகத்தை வெற்றியாக்க முடியாமல் டிராவோடு நிற்க நேர்ந்தது. ஒன்றரைக்கு அரை என்ற அந்த முடிவில் வேறுபாடு கண்ணுக்குத் தெரிந்தது. இரண்டும் வெள்ளையாக வென்றிருந்தால் ஒன்றுக்கு ஒன்று என்றாகி, தொடக்கத்தின் சாய்வு தானே கழிந்திருக்கும். தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது சாக்கின் நிறையைக் கழிப்பதும் இதற்காகத்தான் (எங்கள் மலையில் அந்தக் கழிவுக் கணக்கு எப்போதும் நேர்மையாக இருந்ததில்லை என்பது வேறு கதை). ஆகவே, நிறம் மாற்றி ஆடவைக்கும் 'ரிபீட்' தெரிவு இல்லாமல் இந்த நூலைத் தொடவே கூடாது.

நான் பட்ட ஒரு பாட்டையும் சொல்ல வேண்டும். நள்ளிரவில் மின்சாரம் போய், காலையில், எஞ்சின்களை மோதவிடும் கியூட்செஸ் நிரலை மறுபடி ஓடவிட்டபோது, தொடக்கங்கள் கோப்பின் முதல் வரியிலிருந்தே மீண்டும் தொடங்கியிருந்தன. வரிசையைத் தற்போக்காக மாற்றாததும், எந்த இடத்திலிருந்து தொடர வேண்டும் என்று குறிப்பிடாததும் என் தவறு. முதல் நாள் ஆடிய அதே நிலைகளின் முடிவுகளைப் புதிய சான்றுபோல் கூட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு இரவு வீண். எஞ்சினில் 'ஓன்புக்' தெரிவு இருந்தால் அதையும் அணைத்துவிடுவது நல்லது. இல்லையேல் எஞ்சின் தன் சொந்த நூலிலிருந்து ஆடக்கூடும்.

குறை என்று பார்த்தால், ஒரே பெயரில் பல பதிப்புகள், வெவ்வேறு சாய்வு அளவுகளில் இருப்பது புதியவரைத் திணறடிக்கும். அதைவிட முக்கியமானது, இந்த நூலில் எலோ வேறுபாடுகள் அகன்று தெரிகின்றன என்பது. எனவே இதில் பெற்ற எண்ணைச் சமநிலை நூலில் பெற்ற எண்ணோடு ஒப்பிட முடியாது. என் பட்டியலில் அவ்விரண்டையும் ஒரே நெடுவரிசையில் கலந்து வைத்திருந்ததை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது. ஒவ்வொரு எண்ணுக்கும் அருகில் நூலின் பெயரையும் பதிப்பையும் எழுதத் தொடங்கியிருக்கிறேன்.

வலுவான எஞ்சினின் இரு பதிப்புகளுக்கு இடையிலான சிறு முன்னேற்றத்தை அளக்க விரும்புபவருக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் எங்கள் ஊர் மாணவன் ஒருவன் பைதன் நிரல்மொழியில் எழுதிவரும் எஞ்சின், தொடக்கம் எதுவானாலும் இருபது நகர்வுக்குள் ஒரு குதிரையைக் கோட்டைவிடும்; அதைச் சோதிக்கப் பழைய எட்டு நகர்வுக் கோப்பே தாராளமாகப் போதும்.