பழைய வியாபாரக் கதை பார்க்க: கடலூரா, புதுச்சேரியா?

வெளியூர் நண்பர்கள் வந்தால் இந்தக் கேள்வி தவறாமல் வரும். இரண்டு ஊருக்கும் இடையே இருபது சொச்சம் கிலோமீட்டர்தான்; ஆனால் ஒரு நாளில் ஒன்றைத்தான் உருப்படியாகப் பார்க்க முடியும்.

கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் புதுச்சேரி. 1674-இல் பிரெஞ்சுக் கம்பெனியின் பிரான்சுவா மர்த்தேன் வந்து துணி வியாபாரத்தை வளர்த்த ஊர். நேர்நேரான தெருக்களைப் பார்த்துப் பிரெஞ்சுக்காரரைப் புகழ்கிறோம்; அந்தக் கட்டத்தை வரைந்தது 1693 முதல் 1699 வரை ஊரைப் பிடித்து வைத்திருந்த டச்சுக்காரர்கள்! பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர், மேற்கே தமிழர். வைசியாள் வீதியில் நடந்தால் திண்ணையும், தெருவை நோக்கிச் சரியும் தாழ்வாரமும் இன்னும் இருக்கின்றன. பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்சின் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகருமான, ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையும் நிற்கிறது.

கடலூரில் இப்படி எதுவும் கண்ணில் படாது. கதைதான் சொத்து. 1690-இல் ஆங்கிலேயக் கம்பெனி மராத்தியரிடம் தேவனாம்பட்டினம் கோட்டையை வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை நிலமும் சேர்த்தி. குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயரில் அந்தக் குண்டு இன்னும் கிடக்கிறது. 1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரரிடம் பறிபோனதும் சில வருஷம் இந்தக் கரையில் கம்பெனியின் தலைமையிடமே இதுதான்.

1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி அந்தக் கோட்டையை இடித்தார். 1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை இடித்துப் பழிதீர்த்தார்கள். பிரெஞ்சுக்காரர் திரும்பி வந்து கட்டினார்கள். ஆங்கிலேயருக்குச் சென்னை போதுமாக இருந்தது.

என் ஓட்டு கடலூருக்கு. அப்புறம், கடலூர் ஓ.டி. (ஓல்டு டவுன், பழைய நகரம்) துறைமுகத்துக்குப் போவதானால் வெயில் ஏறுமுன் போய்விடுங்கள்.