"லைசென்ஸை நான் பார்த்துக்கறேன்" என்றார், நம்பிப் போனோம்

ஹவாயின் ஓவாஹு தீவில் பாஸ் (bass) என்ற நன்னீர் மீனைத் தூண்டில் போட்டுப் பிடிக்கப் போகிறவர்கள், வழிகாட்டிக்குப் பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். நானும் நண்பனும் அங்கே வசமாக ஏமாந்தோம்.

ஹவாய் என்றால் எல்லாருக்கும் கடல்தான் நினைவுக்கு வரும். எங்கள் கண் தீவின் நடுவில் இருக்கும் வஹியாவா நீர்த்தேக்கத்தின் மேல். கரும்புத் தோட்டங்களுக்குத் தண்ணீர் பாய்ச்ச நூறு வருஷத்துக்கு முன் கட்டியது. லார்ஜ்மவுத் பாஸும் பீகாக் பாஸும் உண்டு. பீகாக், பெயரில்தான் பாஸ். உண்மையில் ஜிலேபிக் கெண்டைக்குச் சொந்தக்காரன். தென் அமெரிக்காவிலிருந்து 1957இல் கொண்டுவந்து விட்டார்கள்.

படகு, ராட் (தூண்டில் கழி), மீன்பிடி லைசென்ஸ் எல்லாம் சேர்த்து ஒரே தொகை என்றார் எங்கள் வழிகாட்டி. பாதியை முன்கூட்டியே வாங்கினார், மீதியைப் படகில் ஏறும் முன் கறந்தார். ரசீது கேட்க எங்களுக்கும் தோன்றவில்லை.

காலை ஏழு மணிக்கு வருவதாகச் சொன்னவர் வந்தது மாலை நாலரைக்கு. வெயில் தாழ்ந்தால்தான் பீகாக் நன்றாக இரையைக் கவ்வும் என்று ஒரு விளக்கம் வேறு. சுத்தப் பொய். அது கண்ணால் பார்த்து வேட்டையாடும் மீன்; பகலில்தான் இரை எடுக்கும், இருட்டினால் அடங்கிவிடும். இது எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு ஏறினோம் பாருங்கள், அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ராடைக் கையில் வாங்கியதுமே சந்தேகம். கடலில் போட்டுக் கழுவாமல் வைத்திருந்த ரீல்; மீன் இழுக்கும்போது லைனைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கொடுக்கும் டிராக், உப்புப் பூத்து இறுகிக் கிடந்தது. லைனை, அதாவது தூண்டில் நரம்பை, விரல் நுனியில் ஓட்டிப் பார்த்தேன், சொரசொர என்று இருந்தது. மாற்றித் தரச் சொன்னதற்கு, போன வாரம்தான் புது லைன் சுற்றியதாகச் சொன்னார்.

வெளிச்சம் மங்கும் நேரம், சாய்ந்து கிடந்த மரத்தின் ஓரமாக நண்பன் லூரை (செயற்கை இரையை) வீசினான். இரண்டு சுற்றுதான் சுற்றியிருப்பான், தண்ணீர் வெடித்தது. மஞ்சள் உடம்பில் கறுப்புப் பட்டை, வாலில் அந்த மயில்கண். ஒரு நொடி பார்த்தேன். டிராக் ஒரு அங்குலம்கூட விட்டுக் கொடுக்கவில்லை. படக்கென்று லைன் அறுந்தது. மீன் லூரோடு போய்விட்டது. அந்த லூருக்கும் காசு கேட்டார் அந்த மனிதர்!

கரைக்கு வந்ததும் லைசென்ஸைக் காட்டச் சொன்னோம். கசங்கிய ஒரு தாளை நீட்டினார். யாரோ முன்பின் தெரியாதவர் பெயர், தேதியும் முடிந்துபோனது. அங்கே ஒன்பது வயது நிரம்பிய யாரும் லைசென்ஸ் இல்லாமல் நன்னீரில் பாஸ் போன்ற விளையாட்டு மீன்களைப் பிடிக்கக் கூடாது. அதுவும் அவரவர் பெயரில் இருக்க வேண்டும். அதிகாரி யாராவது வந்திருந்தால் மாட்டியிருப்பது நாங்கள்தான். மாநில இயற்கை வளத் துறையின் தளத்தில் நாமே எடுத்துக்கொள்ளலாம், சுற்றுலாப் பயணிகளுக்குக் குறுகிய கால லைசென்ஸும் உண்டு. இதற்கு வழிகாட்டியே தேவையில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டு அனுப்பிய செய்திகளை எல்லாம் படித்திருக்கிறார். பதில் மட்டும் இல்லை.

மறுநாள் எங்கள் பெயரில் லைசென்ஸ் எடுத்தோம். நண்பனின் பையில் இருந்த ஒரே மடக்கு ராடை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நீர்த்தேக்கத்தின் பூங்காக் கரையிலிருந்து வீசினோம். மதியத்துக்குள் உள்ளங்கை நீளத்தில் ஒரு லார்ஜ்மவுத் குட்டி மாட்டியது. திருப்பி விட்டுவிட்டோம்.