மகளின் முதல் மான் துப்பாக்கி: .243, சில சீசன்களுக்குப் பிறகு

அமெரிக்காவின் விஸ்கான்சினில் தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தைய சனிக்கிழமை மான் சீசன் தொடங்கிவிட்டால் அலுவலகமே பாதி காலியாகிவிடும். நான் காட்டுக்குப் போவதைப் பார்த்துப் பார்த்து மகளும் கேட்டாள். அப்போது பன்னிரண்டு வயது, ஒல்லியான தோள். வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்துவிட்டாள். அவளுக்கென்று என் பேரில் வாங்கியது மாஸ்பெர்க் பேட்ரியட் சூப்பர் பான்டம் துப்பாக்கி, அது சுடும் தோட்டா .243 வின்செஸ்டர்.

.308 தோட்டாவின் கழுத்தைச் சுருக்கி 1955-இல் வந்தது .243. ஏழரை பவுண்டு துப்பாக்கியில் 100 கிரெயின் (சுமார் ஆறரை கிராம்) குண்டைச் சுட்டால் உதை, அதாவது துப்பாக்கி தோளில் பின்னால் அடிக்கும் விசை, ஏறக்குறைய 9 அடி-பவுண்டு. என்னுடைய .30-06 என்ற பெரிய தோட்டாவுக்குச் சுமார் 20. வித்தியாசம் தோளுக்குத் தெரியும்.

ஆனால் உதையைத் தோட்டா மட்டும் முடிவு செய்வதில்லை. சின்னப் பிள்ளைக்கு லேசான துப்பாக்கிதான் நல்லது என்று கடையில் சொல்வார்கள். தூக்கிக்கொண்டு நடக்க நல்லதுதான், சுடும்போது அதுதான் அதிகமாக உதைக்கும். அதைவிட முக்கியம் தோளில் வைக்கும் கட்டையின் நீளம், அதாவது விசையிலிருந்து கட்டையின் பின் முனை வரை உள்ள தூரம். பெரியவர்களுக்கான கட்டை பெரும்பாலும் பதின்மூன்றரை அங்குலத்துக்கு மேல் இருக்கும். அதைப் பிடிக்கும் பிள்ளை முதுகை வளைத்துப் பின்னால் சாய்ந்து நிற்கும். கட்டை தோள் குழியில் உட்காராமல் புஜத்தில் போய் நிற்கும், அடி அங்கேதான் விழும். இந்தக் கட்டை 12 அங்குலம். ஸ்பேசர் என்ற இடைத்துண்டு வைத்தால் 13. மகள் வளர்ந்ததும் அதை மாட்டினோம், வேறு கட்டை வாங்க வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் சத்தம். பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுப்பதற்குப் பாதிக் காரணம் அதுதான் என்பது என் கணிப்பு. காதுக்குள் நுரைப்பஞ்சு அடைப்பான், மேலே காதை மூடும் எலெக்ட்ரானிக் மஃப், இரண்டும் போட்டுத்தான் சுடுவாள். குழல் முனையில் பிரேக் (வாயுவைப் பக்கவாட்டில் திருப்பும் துண்டு) மாட்டச் சொன்னார்கள். உதை குறையும், உண்மை. சத்தம் காதைக் கிழிக்கும். வேண்டாம் என்றுவிட்டேன். கோடை முழுக்கப் பயிற்சி உதையே தெரியாத சின்ன .22-இல்தான். .243-இல் ஒரு தடவைக்கு நாலைந்து தோட்டா, அவ்வளவே. தோள் வலிக்கும் முன் நிறுத்திவிட வேண்டும்.

குறை? முதலில் போட்ட மலிவு ஸ்கோப் குளிரில் பனி படிந்து மங்கியது, மாற்றிவிட்டேன். சின்னக் குண்டு என்பதால் இடம் தப்பினால் மன்னிக்காது. அதனால் 150 கெஜத்துக்கு மேல் சுடக்கூடாது, மான் பக்கவாட்டில் நின்றால் மட்டும் முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைக் குறி என்று வீட்டு விதி. இங்கத்து அடர்ந்த காட்டில் அந்தத் தூரமே அபூர்வம். இதுவரை அவள் சுட்ட வெண்வால் மான்கள் அதிக தூரம் ஓடவில்லை.

துப்பாக்கி பெட்டகத்தில், தோட்டா வேறு பூட்டில், இரண்டு சாவியும் என்னிடம். வேட்டையில் கைக்கெட்டும் தூரத்திலேயே உட்காருவேன்.

மேற்குப் பக்கம் திறந்த வெளியில் தூரமாகச் சுடுபவர்கள், எல்க் என்ற பெரிய மானையும் நினைத்திருப்பவர்கள் இதை எடுக்காதீர்கள். பிள்ளைக்குக் கொஞ்சம் உடம்பு இருந்தால் 7எம்எம்-08 என்ற, இதைவிடச் சற்றுப் பெரிய தோட்டாவைச் சுடும் துப்பாக்கியைப் பாருங்கள். உதை குறைத்த தோட்டாவில் தொடங்கி, வளர்ந்ததும் முழுத் தோட்டாவுக்குப் போகலாம்.