கிளைகளுக்கு இடையே நான்கு இலக்க டயலிங்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை மூன்றிலும் எங்கள் நிறுவனத்துக்குக் கிளைகள் உண்டு. முன்பெல்லாம் இன்னொரு கிளையின் கணக்குப் பிரிவோடு பேச வேண்டுமென்றால் 051, 052, 057 என்று தொடங்கும் பத்து இலக்க நம்பரை அழுத்தி, வரவேற்பில் இருப்பவரிடம் பெயர் சொல்லி, அவர் இணைக்கும்வரை காத்திருக்க வேண்டும். இப்போது நான்கு இலக்கம் போதும்.

மூன்று இடத்திலும் அலுவலகத் தொலைபேசி எக்ஸ்சேஞ்சாக (பிபிஎக்ஸ்) இருப்பது, அஸ்டெரிஸ்க் என்ற மென்பொருள் மேல் இயங்கும் ஃப்ரீபிபிஎக்ஸ்தான். எக்ஸ்டென்ஷன்கள், அதாவது உள் போன் நம்பர்கள், எல்லாக் கிளையிலும் 101இல் தொடங்குவதால் 104 என்பது மூன்று பேருக்கு இருக்கிறது. பழகிய நம்பரைப் பிடுங்கி எல்லோரையும் குழப்ப மனமில்லை. அதனால் கிளைக்கு ஒரு முன் இலக்கம் வைத்தோம்: ஹட்டன் 6, நுவரெலியா 7, பண்டாரவளை 8. ஹட்டனில் 8104 அழுத்தினால், வெளிச்செல்லும் ரூட்டின் (எந்த அழைப்பு எந்த வழியில் போவது என்ற விதி) பிரிஃபிக்ஸ் கட்டத்தில் எழுதிய 8 கழிந்து, 104 மட்டும் ஐஏஎக்ஸ்2 டிரங்க் (இரண்டு பிபிஎக்ஸ்களை இணையம் வழியாக இணைக்கும் தொடர்பு) வழியாகப் பண்டாரவளைக்குப் போகும். ஐஏஎக்ஸ்2வுக்கு யுடிபி 4569 என்ற ஒரே போர்ட் போதும் என்பதால் ரவுட்டர் வேலையும் சுலபம்.

இதுவரை யாரும் செய்துவிடலாம். இந்த வசதி நாளாந்தப் புழக்கத்தில் நிற்குமா என்பதைத் தீர்மானிப்பது எதிர்ப்பக்கத் திரையில் தெரியும் நம்பர். பண்டாரவளை 104இல் இருப்பவர் ஹட்டன் 104ஐ அழைத்தால், அங்கே வெறும் 104 என்றுதான் காட்டும். "தம்பி, என் நம்பரிலிருந்தே எனக்கு மிஸ்ட் கோல் வந்திருக்கே" என்று ஹட்டன் தலைமைக் கிளாக்கர் கேட்டார். 107 அழைத்திருந்தால் இன்னும் மோசம். திருப்பி அழைப்பவர் தன் கிளையின் 107இடம் போய் நிற்பார். இதற்கு இரண்டு வேலை. ரூட்டில் 'இன்ட்ரா-கம்பெனி' என்பதைத் தெரிவு செய்ய வேண்டும். வெளி நம்பர் அமைத்திருக்கும் போன்களிலிருந்தும் அப்போதுதான் அதற்குப் பதில் உள் எக்ஸ்டென்ஷன் போகும். பிறகு, பெறும் பக்கத்தில் டிரங்க்குக்கென்று தனி கான்டெக்ஸ்ட் (உள்ளே வரும் அழைப்பை என்ன செய்வது என்ற விதித் தொகுப்பு) எழுதி, பண்டாரவளையிலிருந்து வருவதன் முன்னால் 8ஐச் சேர்க்க வேண்டும். அதன்பின் மிஸ்ட் கோலை அப்படியே திருப்பி அழுத்தலாம். இதைச் செய்த பிறகுதான் ஆட்கள் பழைய பத்து இலக்கத்தை விட்டார்கள்.

அதே கான்டெக்ஸ்ட்டில் மூன்று இலக்க எக்ஸ்டென்ஷன்களை மட்டும் அனுமதித்திருக்கிறேன். ஒரு கிளையின் சிஸ்டத்துக்குள் யாராவது புகுந்துவிட்டால், அங்கிருந்து மற்றக் கிளையின் லைனைப் பிடித்து வெளிநாட்டுக்கு அழைக்க வழி இருக்கக் கூடாது.

எண் தெரிவில் கவனம் வேண்டும். 1ஐயும் 2ஐயும் முன் இலக்கமாக வைக்காதீர்கள். 2இல் தொடங்கும் உள்ளூர் லேண்ட்லைன் நம்பர்களை ஏரியா கோட் இல்லாமல் அழுத்திப் பழகியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1 என்றால் அவசர நம்பர்கள்: பொலிஸ் 119, சுவ செரிய அம்புலன்ஸ் 1990. எக்ஸ்டென்ஷன்கள் 101 முதல் ஓடுவதால் 119ஐ யாருக்கும் கொடுக்கவில்லை, தீயணைப்பு நம்பரான 110ஐயும் காலியாக விட்டிருக்கிறோம். போனின் டயல் பிளானில் (எத்தனை இலக்கம் வந்ததும் அழைப்பை அனுப்புவது என்ற விதி) 1க்குப் பிறகு எந்த இரண்டு இலக்கமும் வரலாம் என்று எழுதினால், 1990 அழுத்துபவரின் போன் 199லேயே அழைப்பை அனுப்பிவிடும். இரண்டாவது இலக்கம் 0 முதல் 4 வரை என்று கட்டுப்படுத்துங்கள். அவசர அழைப்பு அந்தந்தக் கிளையின் சொந்த லைனிலேயே வெளியே போகட்டும். இதில் சமரசமே கூடாது.

டயல் பிளானைச் சரியாக எழுதியதால் இன்னொரு நன்மை: நான்காவது இலக்கம் அழுத்தியதும் மணி அடிக்கிறது. முன்பு சில நொடி மௌனம் இருந்ததால் "லைன் வேலை செய்யல்ல" என்று வைத்துவிடுவார்கள்.

குரல் தரம் பற்றிப் பெரிய குறை இல்லை. ஜி.711 கோடெக்கில் (குரலைத் தரவாக மாற்றும் முறை) ஓர் அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் நொடிக்கு ஏறக்குறைய 87 கிலோபிட் போகும். ஃபைபரில் அது ஒன்றுமே இல்லை. நுவரெலியாவில் 4ஜி ரவுட்டர். அங்கே ஸ்கேன் செய்த கோப்புகளை ஏற்றும் நேரத்தில் பேச்சு விட்டுவிட்டு வந்தது. ரவுட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுத்ததும் சரியாயிற்று.

மழைக்காலத்தில் மண்சரிவு, மின்வெட்டு எல்லாம் நமக்குத் தெரிந்ததுதானே. இணைப்பு அறுந்தால் அழைப்பும் செத்துப்போகக் கூடாது. ரூட்டின் இரண்டாவது டிரங்காக, அந்தக் கிளையின் பொது நம்பரையே அழைக்கும் கஸ்டம் டிரங்க் ஒன்றைப் போட்டிருக்கிறேன். 8104 அழுத்தினால் பண்டாரவளை வரவேற்பில் மணி அடிக்கும், அவர்கள் இணைத்துக்கொடுப்பார்கள். முதல் டிரங்கில், எதிர்ப்பக்கம் உயிரோடு இருக்கிறதா என்று அடிக்கடி சோதிக்கும் 'குவாலிஃபை' போட மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் இணைப்பு செத்தது சிஸ்டத்துக்கு உடனே தெரியாது, அழைப்பவர் காதில் அமைதிதான்.

தலவாக்கலையில் இரண்டு போன் மட்டுமுள்ள சின்ன ஸ்டோர் ஒன்றும் இருக்கிறது. அதற்குத் தனி பிபிஎக்ஸும் முன் இலக்கமும் வேண்டாம் என்று, அந்த போன்களை விபிஎன் (இணையத்தின் மேல் ஓடும் பாதுகாப்பான தனி இணைப்பு) வழியாக ஹட்டனிலேயே எக்ஸ்டென்ஷன்களாகப் பதிந்துவிட்டோம். இணைப்புப் போனால் இரண்டும் சேர்ந்து போகும், அதற்காக அங்கே ஒரு மொபைல் போனும் வைத்திருக்கிறார்கள்.