விரல் நுனிச் சொட்டா, கையில் ஒட்டும் சென்சாரா?

விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை ஸ்ட்ரிப்பில் வைத்தால் குளுக்கோமீட்டர் சில நொடிகளில் ரத்தச் சர்க்கரை அளவைக் காட்டிவிடும். 110 என்றால் நிம்மதிதான். ஆனால் அந்த 110 ஏறிக்கொண்டிருக்கிறதா, இறங்கிக்கொண்டிருக்கிறதா? அது மீட்டருக்குத் தெரியாது. இன்சுலின் போடுபவருக்கோ அதுதான் முக்கியமான கேள்வி.

தொடர்ந்து அளக்கும் சென்சார் அதற்குப் பதில் சொல்கிறது. மேல்கையில் ஒட்டினால், பெரும்பாலானவை 10 முதல் 15 நாள் வரை, சில நிமிடங்களுக்கு ஒருமுறை அளந்து போனுக்கு அனுப்பும். அம்புக்குறி போக்கைக் காட்டும். தூக்கத்தில் சர்க்கரை தாழ்ந்தால் அலாரம் அடிக்கும். தினமும் இன்சுலின் தேவைப்படும் டைப் 1 சர்க்கரை நோயுள்ள குழந்தையின் அம்மாவும் அப்பாவும் நள்ளிரவில் எழுந்து பிஞ்சு விரலைக் குத்தும் வேதனையை நினைத்தால், இந்த ஒன்றுக்காகவே சென்சார் பக்கம் நிற்பேன். ஒரு நாளில் எவ்வளவு நேரம் சர்க்கரை 70-க்கும் 180-க்கும் இடையே இருந்தது என்ற கணக்கும் கிடைக்கும். பலருக்கும் 70 சதவீதத்துக்கு மேல் என்பது இலக்கு.

சரி, குறையே இல்லையா? இருக்கிறது. சென்சார் அளப்பது ரத்தத்தை அல்ல, தோலுக்கடியில் செல்களுக்கு இடையே உள்ள திரவத்தை. அதனால் சர்க்கரை வேகமாக மாறும்போது சில நிமிடம் பின்தங்கும். அந்தக் கையை அழுத்திப் படுத்தால் இல்லாத தாழ்வைக் காட்டும். உடம்பு சொல்வதும் திரை சொல்வதும் ஒத்துப்போகாவிட்டால் விரலைக் குத்திப் பார்த்துவிடுங்கள். செலவும் கூடுதல்.

சர்க்கரையைத் திடீரெனத் தாழ்த்தாத மாத்திரையில் கட்டுக்குள் இருப்பவருக்குப் பெரும்பாலும் மீட்டரே போதும். மருந்து மாறும்போது மட்டும் இரண்டு வாரம் சென்சார் போட்டுப் பார்க்கலாம்.