3 வாரம், 60,000 ரூபாய்: எங்கே போய்த் தொண்டு செய்வது?

அக்கா மகள் பி.காம். முடித்துவிட்டாள். வேலையில் சேர இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்குப்பதிவியல் டியூஷன் எடுத்துச் சேர்த்த 60,000 ரூபாய் கையில் இருக்கிறது. "மாமா, மூணு வாரம் எங்கயாவது வெளிநாட்டுல வாலன்டியரா போகணும். பெரிய என்.ஜி.ஓ. வேண்டாம். சின்னதா, நிஜமா வேலை நடக்குற இடமா சொல்லுங்க" என்றாள். கூடவே நான்கு லிங்க் அனுப்பியிருந்தாள். இரண்டு நாள் அவற்றை அலசியதில் தேறியதை இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு திரிகிற பிள்ளைகள் இன்னும் பல வீடுகளில் இருப்பார்கள்.

முதலில் ஒன்றைக் கழித்துக்கட்டிவிடலாம். நான்கில் மிகப் பளபளப்பான பக்கம் ஓர் ஏஜென்சியுடையது. கம்போடியா, நேபாளம், இரண்டு வாரம், அநாதை இல்லத்தில் குழந்தைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கலாம், சனி ஞாயிறு சுற்றுலா. அவளுக்குப் பிடித்திருந்ததும் அதுதான். குழந்தைகள் படம் போட்டால் யாருக்குத்தான் பிடிக்காது?

கம்போடியாவில் இப்படிப்பட்ட இல்லங்களில் இருந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருப்பதை யுனிசெஃப் பல ஆண்டுகளுக்கு முன்பே வெளிப்படுத்திவிட்டது. நேபாளத்தில் குழந்தைகள் இல்லங்கள் எங்கே குவிந்திருக்கின்றன என்று பாருங்கள். வறுமை மிகுந்த மலை மாவட்டங்களில் அல்ல. காத்மாண்டு, பொக்காரா, சித்வன் என்று சுற்றுலாப் பயணிகள் வருகிற இடங்களில். படிக்க வைக்கிறோம் என்று பெற்றோரிடம் சொல்லிப் பிள்ளையை அழைத்துவந்து, வருகிறவர்களுக்கு அநாதை என்று காட்டுகிறார்கள். தன்னார்வலர் பணம் கட்டிக்கொண்டு வருகிற வரை இல்லத்துக்குக் குழந்தை தேவைப்படும். அநாதை இல்லங்களுக்காகக் குழந்தைகளைக் கடத்துவதை நவீன அடிமைத்தனத்தின் ஒரு வகையாகவே 2018-ல் ஆஸ்திரேலியா ஏற்றுக்கொண்டது. கடத்தல் நடக்காத நல்ல இல்லம் என்றே வைத்துக்கொண்டாலும், இரண்டு வாரத்துக்கு ஒரு புது அக்கா வந்து கொஞ்சிவிட்டுப் போவது அந்தக் குழந்தைக்கு என்ன நன்மை? நம் வீட்டுப் பிள்ளையின் பள்ளியில் போலீஸ் சான்றிதழ் இல்லாத வெளிநாட்டுக்காரரை வகுப்பெடுக்க விடுவோமா? சரி, இது போதும்.

இரண்டாவது லிங்க் ஐ.நா. தன்னார்வலர் திட்டம். 1970-ல் பொதுச்சபை தீர்மானம் போட்டு உருவானது, இப்போது தலைமையகம் ஜெர்மனியின் பான் நகரம். 18 முதல் 26 வயது வரை உள்ளவர்களுக்கு இளைஞர் பிரிவு இருக்கிறது, மாதப்படியும் உண்டு. ஆனால் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் இருக்க வேண்டிய பணி, போட்டியும் அதிகம். மூன்று வாரத்துக்கு ஆகாது, சின்ன அமைப்பும் இல்லை. இதே திட்டத்தில் வீட்டிலிருந்தபடியே செய்கிற இணையவழிப் பணிகளும் இருக்கின்றன, பி.காம். படித்தவளுக்கு அது தோது. இதைச் சொன்னதும் அவள் முகம் சுருங்கியது. "வீட்ல உக்காந்து லேப்டாப் தட்டவா மாமா?"

உண்மையான போட்டி மீதி இரண்டுக்கும் நடுவில்தான்.

ஒன்று, சர்வீஸ் சிவில் இன்டர்நேஷனல் நடத்தும் வொர்க் கேம்ப். இதன் கதை எனக்குப் பிடித்தமானது. முதல் உலகப் போர் முடிந்த கையோடு, 1920-ல், பியர் செரசோல் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் சிறு குழுவைக் கூட்டிக்கொண்டு பிரான்சில் வெர்டன் போர்க்களத்துக்கு அருகே எஸ்ன் என்ற கிராமத்துக்குப் போனார். இடிந்த ஊரைத் திரும்பக் கட்டும் வேலை. குழுவில் ஜெர்மானியர்களும் இருந்தார்கள். இடித்த நாட்டுக்காரரே மண்வெட்டி பிடிக்க வந்ததுதான் விஷயம். அந்தப் பகைச் சூழலில் அது சில மாதங்களுக்கு மேல் நீடிக்கவில்லை. 1934-ல் பீகார் பூகம்பம் நடந்ததும் செரசோல் இங்கேயும் வந்தார், கிராமங்களை மறுபடி கட்டும் வேலையில் அவரும் கூட வந்தவர்களும் இறங்கினார்கள். இந்தியாவிலும் இலங்கையிலும் இன்றும் அதன் கிளைகள் உண்டு.

முகாம் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரம். உள்ளூரில் ஏதோ ஒரு சிறு அமைப்பு கூப்பிடும். பல நாடுகளிலிருந்து பத்துப் பதினைந்து பேர் போய்ச் சேர்வார்கள். தோட்டம் சீரமைப்பது, காட்டுப் பாதையைத் துப்புரவாக்குவது, விழாவுக்குப் பந்தல் போடுவது போன்ற வேலைகள். தங்குமிடமும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. பயணச் செலவும் பதிவுக் கட்டணமும் நம் பொறுப்பு. ஐரோப்பா என்றால் ஷெங்கன் விசாக் கட்டணமே 90 யூரோ, மறுத்தாலும் திரும்பி வராது. போக வர டிக்கெட்டோடு சேர்த்தால் 60,000 பறந்துவிடும். நேபாளத்துக்கு நமக்கு விசாவே வேண்டாம், இலங்கை பக்கத்தில் இருக்கிறது. அங்கே முகாம் கிடைத்தால் கணக்கு உதைக்காது.

இதில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. அந்தப் பாதையை உள்ளூர்க்காரர் இரண்டு பேர் நான்கு நாளில் செய்துவிடுவார்கள். பதினைந்து பேர் பறந்து வந்து செய்ய வேண்டியதில்லை. ஆனால் இந்த அமைப்பு அப்படி நடிப்பதும் இல்லை. வேலை ஒரு சாக்கு. கொரியப் பையனும் போலந்துப் பெண்ணும் நம் பிள்ளையும் ஒரே சமையலறையில் உப்புக்குச் சண்டை போட வேண்டும் என்பதுதான் நோக்கம். அதை ஒளிக்காமல் சொல்வதால் எனக்கு மரியாதை.

மற்றது, சாதனா ஃபாரஸ்ட். ஆரோவில் ஓரத்தில், விழுப்புரம் மாவட்டத்தில், 2003-ல் ஓர் இஸ்ரேலியத் தம்பதி 70 ஏக்கர் வறண்ட நிலத்தில் தொடங்கியது. மழை வந்தால் செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு ஓடிய நிலம். முதல் வேலை மரம் நடுவதல்ல, தண்ணீரை நிறுத்துவது: கரை கட்டுவது, வாய்க்கால் வெட்டுவது, குழி எடுத்து மூடாக்குப் போடுவது, அதாவது ஈரம் காயாமல் மண்ணை இலைதழையால் மூடுவது. அதன் பிறகுதான் இந்தக் கடற்கரைப் பகுதிக்கே உரிய பசுமைமாறாக் காட்டு மரங்களை நடுகிறார்கள். இதே கையோடு 2010-ல் ஹைட்டியிலும் 2014-ல் கென்யாவின் சம்புரு பகுதியிலும் கிளை தொடங்கினார்கள். உலகெங்கிலுமிருந்து பிள்ளைகள் வந்து குடிசையில் தங்கி, காலையில் மண்வெட்டி தூக்கி, முறைவைத்துச் சமைத்து, பாத்திரம் தேய்க்கிறார்கள். பால், தயிர்கூடக் கிடையாது. மது, புகை கூடாது. உரமாக மாறும் கழிவறைதான். தயிர்சாதம் இல்லாமல் தூங்காத எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு இது விசாவைவிடப் பெரிய தடை.

இரண்டில் நான் இதைத்தான் சொன்னேன். காரணம், இங்கே வேலை ஆள்மாறினாலும் கெடாது. இன்று அவள் எடுத்த குழியில் நாளை இன்னொருவர் நடுவார். குழந்தை தேடுவதுபோல அந்தக் குழி யாரையும் தேடாது. போட்ட மூடாக்கு, அவள் ஊர் திரும்பிய பிறகும் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். வெளிநாட்டுக்காரர்களோடு பழகும் ஆசையும் தீரும், அவர்கள்தான் விசா வாங்கிக்கொண்டு வருகிறார்களே.

இன்னொன்றும் சொல்லிவைத்தேன். சின்ன அமைப்புக்குப் புதிய ஆள் வந்தால் முதல் சில நாட்கள் லாபமில்லை, நஷ்டம்தான். இருக்கிற நான்கைந்து பேரில் ஒருவர் தன் வேலையை விட்டுவிட்டுச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அங்கே பெரும்பாலும் பஞ்சம் கைகளுக்கு இல்லை, கணக்கு எழுத ஆளுக்குத்தான். வெளிநாட்டு நன்கொடை வாங்கும் எந்த இந்தியத் தொண்டு நிறுவனமும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அதற்கென டெல்லி ஸ்டேட் வங்கிக் கிளையில் கணக்கு வைத்து, ஆண்டுதோறும் அந்தப் பணத்தின் வரவுசெலவைக் காட்டும் எஃப்.சி.-4 படிவம் தாக்கல் செய்ய வேண்டும். மரம் நடுகிறவர்களுக்கு இது தலைவலி. பி.காம். பெண்ணுக்கு வாரம் இரண்டு மணி நேர வேலை, அதையும் திருச்சியில் இருந்தே செய்யலாம். எங்கே போனாலும் மூன்று வாரத்துக்குப் பிறகும் இதைத் தொடர முடியுமா என்று கேட்டுப் பார் என்றேன். லேப்டாப் என்றதும் சுருங்கிய முகம் இந்த முறை அவ்வளவாகச் சுருங்கவில்லை.

இரவு அக்கா போன் செய்தாள். "ஏன்டா, விழுப்புரம் போறதுக்கா இவ பாஸ்போர்ட் எடுத்தா?"